முப்பதாவது வீடு

இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கேட்டாலும், கேட்கிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். இந்தப் போன் கடைக்கு வந்தால் வாங்குவீர்களா என்றால், கண்டிப்பாக வாங்குவோம் என்பார்கள். கேட்டவன் மனம் நோகக் கூடாது, அவன் சீக்கிரம் கிளம்பவும் வேண்டும். இரண்டும் ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. படித்தவர்கள் அந்த ஒரு வார்த்தையை நம்பித் தொழிற்சாலை கட்டுகிறார்கள்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்குத் தெரிந்து இதுதான் முதல்.

நான் இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கை கழுவிவிட்டது. எண் மட்டும் நன்றாக வரும். வீட்டுக்காரர் சத்தியம் பண்ணுவார், நாங்கள் குளிப்பதே ஒரு வாளியில் என்று. மீட்டர் வேறு மாதிரி சொல்லும். மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் எனக்கு அதனோடு சரிப்பட்டு வந்தது. வேலையில் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். பார், எழுது, போ. குழாய் ஒழுகினாலும் கை வைக்காதே. வைத்தால் நாளைக்கு எது கெட்டாலும் உன் தலையில் விழும்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நான் சொல்வது மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்துவிடும். மழை வரும், துணியை எடுங்கள் என்று சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். நனைந்த பிறகு, யாராவது சொல்லியிருக்கலாமே என்பார்கள்.

அப்போதுதான் இந்தப் போன் கம்பெனிக்காரர்கள் பழைய மீட்டர் ஆட்களைத் தேடினார்கள். எங்களுக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்தது வெறும் புதுப் போன் இல்லை. உள்ளே ஓடுகிற ஏற்பாடே புதிது. எண் பலகை கிடையாது. பேசினால் கேட்கும், படத்தைத் தடவினால் திறக்கும். பழைய போனில் நீங்கள் கற்றுக்கொண்ட எதுவும் இதற்கு உதவாது. இதை ஊரில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய பதவியின் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் ஜோசியர் என்று கூப்பிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு அதற்கே திரும்பிப் பார்த்தார்.

ஜோசியரின் ஏற்பாடு இது. நாற்பது வீடுகளுக்கு ஆளுக்கொரு போன் சும்மா கொடுப்பது. பன்னிரண்டு வாரம் விட்டுவிடுவது. வாரம் ஒரு தடவை நான் போய், அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது. ஒரு வாரம் முழுக்கத் தொடாமல் கிடந்தால் அந்த வீட்டுக்கு நேரே ‘அலமாரி’ என்று எழுதுவது. ஒரு வீடு ஆயிரம் வீட்டுக்குச் சமம். நாற்பதைப் பார்த்தால் நாற்பதாயிரத்தைப் பார்த்த மாதிரி.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த வீட்டிலும் எதையும் சொல்லித் தரக் கூடாது, போனைத் தொடக் கூடாது. கம்பெனி ஆளுடைய கையோ வாயோ பட்டால் அது கெட்டுப்போன வீடு. கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கடையில் வாங்குகிறவர் வீட்டில் நீங்கள் போய் உட்கார்ந்து சொல்லித் தரப் போகிறீர்களா என்று ஜோசியர் கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. மீட்டர் வேலையும் அதுதானே.

முதல் கூட்டத்தில் அவர் வெள்ளைப் பலகையில் எழுதினார், முப்பது வீடு போனை வைத்துக்கொள்ளும், பத்து வீடு விட்டுவிடும் என்று. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“தம்பி, தலைகீழா எழுதிட்டீங்க. பத்துப் பேர் வச்சுக்குவாங்க. முப்பது பேர் அலமாரியில போட்டுருவாங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்படிச் சொல்றீங்க என்று ஜோசியர் கேட்டார். இருபத்தெட்டு வருடம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் விஷயம். பலகையின் ஓரத்தில் ‘பெரியவர் – முப்பது’ என்று எழுதினார்.

“முப்பது வந்துச்சுன்னா, அறிக்கையோட முதல் பக்கத்துல நீங்க சொன்னதாவே போடுறேன், பெரியவரே.”

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோட்டைக் கொடுக்கப் போகும்போது பலகையைப் பார்ப்பேன். சுற்றியிருந்ததை எல்லாம் அழித்து அழித்து எழுதியிருப்பார்கள். அந்த மூலையை மட்டும் யாரும் தொடவில்லை.

கணக்கு நான் சொன்ன மாதிரியே போயிற்று. நாலாம் வீட்டில், மனைவி பேசினால் போனுக்குக் கேட்கவில்லை, கணவன் பேசினால் கேட்டது. “வீட்டுக்காரரும் அதே ஜாதிதான், என் பேச்சு மட்டும் காதுல விழாது” என்றார் அந்த அம்மா. இரண்டாவது வாரத்தில் அலமாரி. பதினோராம் வீட்டில் ஒருவர் அதனோடு சண்டை பிடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டார். அலமாரி. ஐந்தாவது வாரம் அலமாரிக் கணக்கு பதினொன்று ஆனது. எட்டாவது வாரம் இருபத்திரண்டு. பத்தாவது வாரம் முடியும்போது இருபத்தொன்பது. மிச்சம் பதினொரு வீடுகள், இரண்டு வாரம். நான் படுத்துக்கொண்டு அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். எதுவும் விடுகிற மாதிரி இல்லை.

இருபத்து மூன்றாம் வீடு மூன்றாவது மாடியில். நீங்கள் கேட்பது அந்த வீட்டைப் பற்றித்தான் என்று தெரியும்.

அங்கே ஒரு தையற்காரம்மா தனியாக இருந்தார். அறுபத்தெட்டு வயது. மகனுக்குக் கப்பலில் வேலை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதற்குப் பின்னால் கட்டில், கதவருகே எனக்கு ஒரு முக்காலி. மூச்சிரைப்பு உண்டு, இடுப்பில் ஒரு மருந்துக் குப்பி எப்போதும் செருகியிருப்பார். நாற்பது வீட்டிலும் இந்தப் போனை ஒரே வாரத்தில் வசப்படுத்தியவர் அவர் ஒருவர்தான். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே, “தோள் பதினாலரை, எழுதிக்கோடி” என்பார். அது எழுதிக்கொள்ளும். ராத்திரி மகனோடு அதில்தான் பேச்சு.

என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு.

“நீங்களும் ஒண்ணு வாங்கிக்கோங்க அண்ணே. வீட்டுல நீங்க சொல்றதைக் கேட்க ஒரு ஆளாச்சு.”

மகள் வீட்டு விஷயத்தை நான்தான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரிப்பதற்காகச் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் போனில் ஆபத்துக்கு உதவி கூப்பிட ஒரு வழி இருந்தது. பக்கவாட்டில் இருக்கிற பட்டனை மூன்று தடவை அமுக்கினால் ஆம்புலன்சுக்குப் போகும். தையற்காரம்மா முதல் நாளே அதைப் பழகிக்கொண்டார். இரண்டு தடவை அமுக்கிக் காட்டி, மூணாவதை அமுக்கினா வண்டி வந்துரும் அண்ணே, அப்புறம் உங்களைத்தான் தூக்கிட்டுப் போவாங்க என்றார்.

ஒன்பதாவது வாரத்தில் கம்பெனி எல்லாப் போன்களிலும் உள் ஏற்பாட்டை மாற்றியது. இருந்த இடத்திலிருந்தே மாற்றிவிடுகிறார்கள். பக்கத்துப் பட்டனில் இருந்த உதவியை எடுத்துத் திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் படமாக வைத்தார்கள். அதன் மேல் விரலை ஐந்து எண்ணும் வரை எடுக்காமல் வைக்க வேண்டும். ஜோசியர் எனக்குச் செய்து காட்டினார். வீடுகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர்களாகக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தானே மாற்றியது, சொல்லிவிட்டால் சோதனை எதற்கு என்றார். நான் கேட்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொன்னது அவர்.

நீங்கள் இப்போது ஒன்பதாம் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அங்கே போனைத் தொட்டேன். அலாரம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது, கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, தாய்க்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. வாங்கி நிறுத்திக் கொடுத்தேன். நோட்டில் எழுதவில்லை. அதை உதவி என்று சொல்ல மாட்டேன், சத்தத்தை நிறுத்தினது. அதுவும் போக, ஒன்பதாம் வீடு ஏற்கெனவே அலமாரிக்குப் போன வீடு. அதனால் எண்ணிக்கையில் எதுவும் மாறாது.

பதினோராவது வாரம், வியாழக்கிழமை. பதினொன்று ஐந்துக்குக் கீழ்ப்படியில் கால் வைத்தேன். மெதுவாகத்தான் ஏறுவேன், முழங்கால் சொன்னபடி கேட்காது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. இயந்திரத்தில் ஒரு சட்டை, ஒரு கை தைத்து மறு கை தைக்காமல். தையற்காரம்மா கட்டிலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார், முதுகு சுவரில். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வருமே, அந்த மாதிரி மூச்சு. மருந்துக் குப்பியை அமுக்கினார். வெறும் சத்தம்தான் வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுப் போனின் பக்கத்துப் பட்டனை மூன்று தடவை அமுக்கினார். திரை எரிந்தது, அணைந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்தேன். நோட்டில் அச்சடித்த படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

“அண்ணே,” என்றார். இரண்டு மூச்சு கழித்து, “வர மாட்டேங்குது.”

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். நோட்டைப் பிரித்தேன். நேரம் போட்டுத்தான் எழுத வேண்டும். பதினொன்று பன்னிரண்டு, பக்கத்துப் பட்டன், மூன்று தடவை. பதினொன்று பதின்மூன்று, மறுபடியும். பதினொன்று பதினைந்து, படங்களைத் தள்ளிப் பார்க்கிறார். கீழ் மூலைக்கு வந்துவிட்டார். சின்னப் படத்தின் மேல் விரலை வைத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு. மூன்றுக்கு முன்னால் எடுத்துவிட்டார். இன்னொரு தடவை வைத்தார், இரண்டிலேயே எடுத்துவிட்டார்.

அப்போது போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்க அமுக்குங்க.”

“நான் தொடக் கூடாதும்மா,” என்றேன்.

மரியாதையாகத்தான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. வேறு யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று பார்ப்பது போல எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக்கொண்டு பக்கத்துப் பட்டனையே அமுக்க ஆரம்பித்தார். பதினொன்று இருபத்தொன்றுக்கு அந்தக் கை மடியில் இறங்கியது. ஒன்பது நிமிடம் என்று எழுதினேன். படிவத்தின் கீழே இரண்டு கேள்வி இருக்கும். உதவி கேட்டாரா. ஆம். கள ஆள் உதவினாரா. இல்லை. இரண்டுக்கும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், நீங்களே பார்த்தீர்கள்.

என் சட்டைப் பையில் என் பழைய போன் இருந்தது. ஆமாம், வேலை செய்கிற போன்தான். மார்போடுதான் இருந்தது.

கிளம்பும்போது அவருக்கு மூச்சு இருந்தது. உயிர் போனது பன்னிரண்டு மணிக்கு மேல் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். கதவை மெதுவாகச் சாத்தினேன். அறைந்து சாத்தினால் கீழ் வீட்டு அம்மா சத்தம் போடுவார். இருபத்து நாலாம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர்கள் புதுப் போனில் பேரனுடைய படத்தைக் காட்டினார்கள். நன்றாக இருக்கிறது என்றேன்.

அந்த நேரத்தில் முப்பது என்ற எண் உங்கள் மனதில் இருந்ததா என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். முதல் இரண்டு தடவையும் இல்லை என்றேன். இருந்தது. படியேறும்போதே இருந்தது. பதினொரு வீட்டில் ஒன்று, எதுவாக இருந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். உள்ளே பார்த்ததும், இது இந்த வீடு என்று நினைத்தேன். அவ்வளவுதான். கோபம் எதுவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை போனேன். பூட்டியிருந்தது. கீழ் வீட்டு அம்மா சொன்னார், அன்றைக்குச் சாயங்காலம் சட்டை வாங்க வந்தவர்தான் பார்த்தாராம், மகன் வந்து சேர நாலு நாள் ஆயிற்றாம். உங்களை அண்ணன் அண்ணன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாரே என்று அழுதார். நான் படியிலேயே நின்று எழுதினேன். இருபத்து மூன்று. ஏழு நாளாகப் பயன்பாடு இல்லை. அலமாரி.

வெள்ளிக்கிழமை நோட்டை ஜோசியர் மேசையில் வைத்து, முப்பது என்றேன். மற்ற எதையும் சொல்லவில்லை. அவர் கடைசிப் பக்கத்தில் வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். இருபத்து மூன்றில் நிறுத்தினார்.

“இது கணக்குலயே இல்லையே, பெரியவரே. ஒன்பதாவது வாரமே எடுத்தாச்சே.”

அந்த அம்மாவுடைய மகன் ஏதோ துறைமுகத்திலிருந்து கம்பெனிக்கே பேசியிருக்கிறான். இந்தப் போன் எப்போது கடைக்கு வரும், அம்மா ரொம்பப் புகழ்கிறார்கள், எனக்கும் ஒன்று வேண்டும் என்று. கம்பெனி ஆள் பதில் பேசியதால் அது கெட்டுப்போன வீடாகிவிட்டது. போனைத் திரும்ப வாங்கி வரச் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதை எனக்கு அவர்கள் கொடுத்த புதுப் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் அதை முதல் வாரமே அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டேன். என் கையில் நோட்டு இருக்கிறது, எனக்கு எதற்கு அது.

அப்படியானால் இருபத்தொன்பதா என்று கேட்டேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு தாளில் போட்டுக் காட்டினார். நாற்பதில் முப்பது என்றாலும் முக்கால், முப்பத்தொன்பதில் இருபத்தொன்பது என்றாலும் கிட்டத்தட்ட முக்கால். போன வாரமும் முக்கால், இந்த வாரமும் முக்கால். அந்த வீடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

“பத்தாவது வாரமே நீங்க ஜெயிச்சுட்டீங்க, பெரியவரே. முதல் பக்கத்துல போட்டாச்சு.”

சொல்லிக்கொண்டே முந்திய வாரத்துப் பக்கத்தைத் திருப்பினார், கணக்கில் இல்லாத வீடென்று அதைப் போன வெள்ளிக்கிழமை யாரும் படித்திருக்கவில்லை. படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். நிமிடங்களின் மேல் அவருடைய விரல் நின்று நின்று போனது.

“இதை அங்கேயே உட்கார்ந்து எழுதினீங்களா?”

“ஆமா. நீங்கதானே எழுதச் சொன்னீங்க.”

அவர் மேசைத் தொலைபேசியை எடுத்தார். அது உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. நான் காத்திருக்கவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்து, பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவர் காட்டிய கணக்கை விரல் விட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். படித்தவர்களுக்கு இதுதான் வசதி, இருபத்தொன்பதையும் முப்பதையும் ஒரே பாத்திரத்தில் போட்டு முக்கால் என்று சொல்லிவிடுவார்கள். நான் முக்கால் என்று யாரிடமும் சொல்லவில்லை. முப்பது என்றுதான் சொன்னேன். அந்த அம்மாவை அவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் அவரை ஒரு ஆளாகக் கணக்கில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.